முப்பத்திரண்டாவது மணி

மார்ச் 4

அக்காவுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய் என்பதால் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறையாவது படிப்பாய். அவ்வளவு தூரம் உன்னை எனக்குத் தெரியும்.

அம்மா நன்றாக இருக்கிறாள். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஏப்ரல் பதினேழாம் தேதி ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பாவின் வீட்டை நான் உன்னைக் கேட்காமல் விற்றுவிட்டு அம்மாவை இந்தக் குடியிருப்புக்குக் கூட்டி வந்தது தப்புதான். அதற்கு இன்னும் எத்தனை வருஷம் பேசாமல் இருப்பாய் என்று ஒரு கணக்குச் சொன்னால் நானும் காலண்டரில் குறித்துக்கொள்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நானூற்றுப் பன்னிரண்டு வீடும் நிறைந்துவிட்டது. போன மாதத்திலிருந்து போர்வெல்லில் தண்ணீர் குறைவாக வருகிறது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று திறந்துவிடுகிறோம். சைட் சூப்பர்வைசர் அதே இடத்தில் குடியிருந்தால் என்ன ஆகும் என்று இப்போதுதான் புரிகிறது. பல் தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் நாலு பேர் பக்கெட்டோடு நிற்கிறார்கள்.

கம்பெனி பக்கத்து நிலத்தில் இன்னும் இருநூற்று அறுபது வீடு கட்டப் போகிறது. அதற்கு அனுமதி கொடுக்கிற கூட்டம் ஏப்ரல் 28. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ உன் நிலத்தடி நீர் அலுவலகத்திலிருந்து எழுதிக் கொடுத்த தண்ணீர் ரிப்போர்ட்டே இதற்கும் போதும் என்கிறார்கள். மேனேஜர் ஒரு சின்ன உதவி கேட்டார். 'இது கோடையால் வந்த தற்காலிகக் குறைவு' என்று நீ ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதுமாம்.

சும்மாதான் கேட்கிறேன். முடியாது என்றால் விட்டுவிடு.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

நீ சும்மா எதையும் கேட்க மாட்டாய். மூன்று வயதில் மிட்டாய் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு 'இதுல என்ன இருக்கு?' என்று என்னிடம் கேட்டவன் நீ.

ஒரு பக்கமும் எழுத மாட்டேன், ஒரு வரியும் எழுத மாட்டேன். உன் மேனேஜரிடம் சொல். நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீருக்கு நான் ஆறுதல் சொல்ல முடியாது, அளக்கத்தான் முடியும்.

இத்துடன் ஒரு டேப் அனுப்பியிருக்கிறேன். நுனி தண்ணீரைத் தொட்டதும் சத்தம் போடும், உனக்குப் பழக்கமானதுதான். தினமும் காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் போரில் இறக்கி, மேலிருந்து எத்தனை மீட்டரில் தண்ணீர் இருக்கிறது என்று எழுது. போனில் சொல்லாதே. உன் கையெழுத்தில், தேதி போட்டு வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுக்க இதில் ஒன்றுமில்லை.

உன் கடிதம் வந்த அன்றே அந்தப் போரின் பழைய சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷமாக நான் தொடாத தாள். ஏன் என்று உனக்கே தெரியும், அப்பா இறந்த வாரம் அது.

திங்கள் காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டோம். எழுபத்திரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓட வேண்டும். தண்ணீர் பதினாலு மீட்டரிலிருந்து ஒழுங்காக இறங்கிக்கொண்டே வந்து, முப்பத்திரண்டாவது மணியில் முப்பத்தெட்டு மீட்டரில் நின்றுவிட்டது. அப்புறம் இறங்கவே இல்லை. ஒரு ஊற்றுக்கண் கைகொடுக்கிறது என்று நினைத்து, நானூறு வீட்டுக்குத் தாங்கும் என்று எழுதினேன். ஆனால் கடைசி மூன்று அளவுகளில் மறுபடி இறங்கியிருக்கிறது. கை நடுக்கம் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். இன்றைக்குப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

முப்பத்திரண்டாவது மணி என்பது செவ்வாய் மதியம் இரண்டு. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். டேப் உன் கையில் இருந்தது. அந்த நேரத்தில் தண்ணீர் மட்டம் எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்தி எழுது.

அம்மாவுக்குச் சொட்டு மருந்து நேரத்துக்குப் போடு.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

டேப் வந்தது. அளவுகள் தனித் தாளில் இருக்கின்றன. இன்று காலை 46.10. போன வாரம் இதே நாள் 44.85. மோட்டார் அறுபது மீட்டரில் தொங்குகிறது, தண்ணீர் அதற்கும் கீழே போனால் அதோடு சரி.

இது எங்களோடு நின்றாலும் பரவாயில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பழைய தெருவில் ஒன்பது கிணறு இருக்கிறது, ஏழு வற்றிவிட்டது. லேத்துப் பட்டறைக்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுவாரே, அவர்தான். பட்டறைக்குப் பின்னால் அவர் கிணற்றில் இப்போது சேறுதான். இன்னும் இரண்டு மூன்று மீட்டர் தோண்டினால் கிடைக்கும் என்று கயிறும் கூடையும் வாங்கி வைத்திருக்கிறார். 'உங்க போர் என் கெணத்து மேல கண்ணு வச்சிடுச்சு தம்பி' என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். நான்தான் சிரிக்க முடியாமல் வந்துவிட்டேன்.

நீ கேட்ட செவ்வாய்க்கிழமை பற்றி எனக்கு ஒன்றும் பெரிதாக ஞாபகம் இல்லை. மூன்று வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு இருந்த மனநிலையில் பைப் எங்கே போனது, எப்படிப் போனது என்றெல்லாம் யார் கவனித்தார்கள்? அளவு என்ன வந்ததோ அதைத்தான் எழுதினேன். ஒன்றைக்கூட மாற்றி எழுதவில்லை, அம்மா மேல் சத்தியம்.

அம்மா உன் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்க்கிறாள். இளைத்துவிட்டாளா என்று என்னைக் கேட்கிறாள். ஆபரேஷன் முடிந்ததும் நீயே பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 26

தம்பி,

நான் பைப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை.

தண்ணீர் மட்டத்தைத்தான் கேட்டேன். பைப்புக்கு என்ன ஆயிற்று?

அக்கா


ஏப்ரல் 2

இன்று காலை 48.70

அக்காவுக்கு,

உன் நாலு வரிக் கடிதத்தை ஒரு வாரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அம்மா எடுத்துக் கொடுத்து 'யாருடா எழுதிருக்கா?' என்றாள். கண் தெரியாதது அன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று. அப்படி நினைத்ததற்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நடந்ததை எழுதுகிறேன்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உன் உதவியாளர் காய்ச்சலில் படுத்திருந்தார். யாராவது ஒருவர் மோட்டார் பக்கத்தில் இருக்க வேண்டும், இன்னொருவர் அப்பாவிடம் போகலாம். நீ டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். நான்தான் 'நீ போ, நான் பாத்துக்கிறேன்' என்றேன். உன் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கினேன் என்றே சொல்லலாம். அப்பாவுக்கு எப்போதும் நீதான் முதலில். அதில் எனக்குக் கோபம் இருந்தது உண்டு, அன்றைக்கு இல்லை.

மதியம் ஒன்றரைக்கு ஜல்லி லாரி ஒன்று திரும்பும்போது தண்ணீர் வெளியேறும் பைப் மேல் ஏறிவிட்டது. முந்நூறு மீட்டர் தள்ளி ஓடையில் போய் விழ வேண்டிய தண்ணீர், சிமெண்ட் கொட்டகைக்குப் பின்னாலேயே பீறிட்டு அடித்தது. மோட்டாரை நிறுத்தினால் சோதனை செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நீ பத்துத் தடவை சொல்லியிருந்தாய். உனக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். செய்தால் நீ வந்துவிடுவாய். அப்பாவை விட்டுவிட்டு வந்து இந்தச் சேற்றில் நிற்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

அதனால் உடைந்த முனையைத் தூக்கி, கொட்டகைக்குப் பின்னால் கல் எடுத்த பள்ளத்தில் விட்டேன். போரிலிருந்து இருபது மீட்டர்கூட இருக்காது. தண்ணீர் எங்கே போனால் என்ன, வெளியே எடுத்தால் சரிதானே என்று நினைத்தேன். உள்ளே போனது மறுபடி அடியில் கசிந்து போருக்கே வரும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அரை மணி நேரம் கழித்து மட்டம் நின்றுவிட்டதைப் பார்த்து, 'அக்காவுக்கு நல்ல ரிசல்ட்' என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் நாலு மணி வரைக்கும்தான். நாலு மணிக்கு உன் போன் வந்தது. அப்புறம் மோட்டாரை வாட்ச்மேனிடம் விட்டு, அளவு எடுக்க மட்டும் நான் வந்து போனேன்.

புதன்கிழமை அப்பாவை அனுப்பிவிட்டு வந்த சாயங்காலம், உடைந்த இணைப்பை எடுத்துக்கொண்டு லேத்துக்காரரிடம் போனேன். அவர் அப்போதே ஒரு கப்ளிங் கடைந்து கொடுத்தார். 'அப்பா போன வீடு, நீ எதுவும் பேசாத, எடுத்துட்டு போ' என்றார். இருட்டுவதற்குள் பைப்பைப் பழையபடி மாட்டிவிட்டேன். வியாழக்கிழமை நீ வந்தபோது எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது.

அப்புறம் சொல்லியிருக்கலாம். உன் ரிப்போர்ட்டைப் படித்தபோதே சொல்லியிருக்கலாம். அதில் 'ஊற்றுக்கண்' என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்ததும், அது ஊற்று இல்லை, பள்ளத்துத் தண்ணீர் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கம்பெனியில் எல்லாரும் கைகுலுக்கினார்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டேன், அது மூன்று வருஷமாகிவிட்டது.

லேத்துக்காரர் இன்னும் இரண்டு வாரத்தில் கிணற்றில் இறங்கப் போகிறார். தோண்டிப் பிரயோஜனமில்லை என்று அவரிடம் சொல்லிவிடட்டுமா?

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவதில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் உன்னை மன்னித்திருந்தேன். இரண்டும் பொய்.

டேப்பை அலுவலக ஆளைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது விதி. கட்டுகிற கம்பெனியின் ஆள் தொடவே கூடாது. அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசரிடம், தம்பி என்பதற்காக, நான் கொடுத்துவிட்டுப் போனேன். நீ எழுதிய அளவுகளுக்குக் கீழே நான் நின்று பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். நீ பிடுங்கினாய் என்று எழுதியிருக்கிறாய். பிடுங்கவில்லை. நான் விட்டேன்.

இன்னொன்று இருக்கிறது, இதை யாரிடமும் சொன்னதில்லை. வியாழக்கிழமை காலை நான் கடைசி அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது லேத்துக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். 'என்னம்மா, உங்க மோட்டார் ஓட ஓட என் கெணத்துல தண்ணி ஏறுதே' என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா போனதிலிருந்து முதல் சிரிப்பு. பக்கத்தில் இரவு பகலாகத் தண்ணீரை உறிஞ்சும்போது ஒரு கிணறு ஏறுகிறது என்றால் என்ன அர்த்தம் என்று முதல் வருஷம் படிக்கும் பிள்ளைகூடச் சொல்லும். பத்தடி நடந்து கொட்டகைக்குப் பின்னால் பார்த்திருந்தால் பள்ளம் நிறையத் தண்ணீரைப் பார்த்திருப்பேன். சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். அதனால் உன்னை மட்டும் கூண்டில் ஏற்ற எனக்கு வாயில்லை.

முப்பத்திரண்டாவது மணிக்கு முன்னால் இருக்கும் அளவுகளை மட்டும் வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். அந்தப் போர் நூற்றுப் பத்து வீட்டுக்குத் தாங்கும். அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறப் போகிறேன். என் வேலை போகும், உன் வேலையும் போகும். குடியிருப்பில் இருப்பவர்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள். அதற்காகத்தான் ஒன்று கேட்கிறேன். அம்மாவின் ஆபரேஷன் பதினேழு. இரத்த அழுத்தம் ஏறினால் தள்ளிப்போட்டுவிடுவார்கள். இருபதாம் தேதி வரை பொறு. கூட்டம் இருபத்தெட்டில்தான், அதற்குள் என் கடிதம் போய்விடும்.

லேத்துக்காரரிடம் இப்போது எதுவும் சொல்லாதே. தோண்டாதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார், நீ உளறிவிடுவாய். பத்து நாளில் ஒன்றும் ஆகிவிடாது.

அக்கா


ஏப்ரல் 18

51.95

அக்கா,

லேத்துக்காரர் செத்துவிட்டார். பதினைந்தாம் தேதி, காலை பதினோரு மணி. பதினெட்டு மீட்டரில் நின்று தோண்டிக்கொண்டிருந்தார். பக்கச் சுவர்க் கல் மூன்று வரிசை சரிந்துவிட்டது. மேலே கயிறு பிடித்திருந்தது அவர் மனைவி. சத்தம் கேட்டு நானும் ஓடினேன். வெளியே எடுக்க ஐந்து மணி நேரம் ஆயிற்று. கண்ணாடி மட்டும் மேலே, துவைக்கிற கல்லின் மேல் மடித்து வைத்திருந்தார்.

இறங்குவதற்கு முதல் நாள் என்னிடம் கேட்டார். 'தம்பி, நீ தினமும் அளக்குறியே, இன்னும் மூணு மீட்டர் போனா கெடைக்குமா?' என்றார். எனக்கு விடை தெரியும். நீ சொன்னது ஞாபகம் வந்தது. 'பாத்து செய்யுங்க' என்றேன். அதைத்தான் சொன்னேன்.

உன் மேல் பழி போடவில்லை. வாய் என்னுடையதுதானே.

அம்மாவுக்கு நேற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு படுத்துக்கொண்டு, 'ஏண்டா மூக்க உறிஞ்சுற, சளியா?' என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

நேற்று அலுவலகத்துக்கும் அனுமதிக் குழுவுக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது. டேப்பைக் கொடுத்தது, பைப், பள்ளம், நான் பார்க்காமலே போட்ட கையெழுத்து, லேத்துக்காரர் சொன்னது, நான் சிரித்தது, பத்து நாள் பொறுக்கச் சொன்னது எல்லாம் இருக்கிறது. 'சிரித்தது எதற்கு மேடம், எடுத்துடலாமே' என்றார் தட்டச்சு செய்தவர். எடுக்க வேண்டாம் என்றேன்.

இன்று காலை என்னைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். கூட்டத்துக்கு நான் வரக்கூடாதாம், கடிதம் மட்டும் வாசிக்கப்படுமாம். கடிதத்தைக் கேள்வி கேட்க முடியாது, பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நீ போ. உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு எந்த உரிமையும் இல்லை. இருந்தாலும் போ.

பத்து நாளில் ஒன்றும் ஆகாது என்று எழுதினேன். என் வாழ்க்கையில் அளக்காமல் எழுதிய ஒரே வரி என்று முதலில் நினைத்தேன். அப்புறம் அந்த ரிப்போர்ட்டையும் நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை அப்பாவின் கை என் கைக்குள் இருந்தது. மூன்று மணிக்குக் கண்ணைத் திறந்து உன்னைக் கேட்டார். 'வேலையில இருக்கான்பா, வந்துடுவான்' என்றேன். சரி என்பதுபோல் தலையாட்டினார். அந்த இரண்டு மணி நேரத்தை எனக்குக் கொடுத்தது நீ. மூன்று வருஷமாக அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல், வீட்டை விற்றுவிட்டாய் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது நன்றி சொல்லலாம் என்றால் அதன் விலை என்ன என்று தெரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இனிமேல் ஒருவருக்கொருவர் எதையும் மறைக்க வேண்டாம். எவ்வளவு கசந்தாலும் எழுது.

அக்கா


மே 3

55.40

அக்காவுக்கு,

போனேன். உன் கடிதத்தை ஒரு குமாஸ்தா எழுந்து நின்று, மளிகைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல் வாசித்தார். 'நான் சிரித்தேன்' என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, சரியாகத்தான் படிக்கிறோமா என்று இன்னொருமுறை பார்த்துக்கொண்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். மேனேஜர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். சாயங்காலமே என் வேலை போய்விட்டது.

புதிதாக இருநூற்று அறுபது வீடு இப்போதைக்கு இல்லை. வேறு அலுவலகம் வந்து புதிதாகச் சோதனை செய்யுமாம். இருக்கிற நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். அது இன்றைய கூட்டத்தின் விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை லாரி வருகிறது, ஒரு வீட்டுக்கு எட்டுக் குடம். முடிந்தவர்கள் காலி செய்கிறார்கள். மற்றவர்கள் மறுநாள் காலையில் காலி பக்கெட்டுகளைக் கொண்டுவந்து நம் வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் திட்டவில்லை. அம்மா புதுக் கண்ணோடு முதல்முறை வாசலுக்கு வந்து பார்த்தது அதைத்தான். 'யாரு வீட்டுதுடா இத்தன பக்கெட்டு?' என்றாள். அன்றைக்கே உட்கார்த்தி வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்ததும் அவள் எழுந்து போய், நம் டிரம்மில் இருந்ததை முன்னால் இருந்த பக்கெட்டுகளில் ஊற்ற ஆரம்பித்தாள். ஐந்தாவது பக்கெட்டில் தீர்ந்துவிட்டது.

லேத்துக்காரர் மனைவியும் கூட்டத்துக்கு வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். அறைவார் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க அக்கா வரலையா?" என்று கேட்டார்.

"வரக்கூடாதுன்னுட்டாங்கம்மா."

"அவங்க சிரிச்சாங்கன்னு எழுதிருக்காங்களே, அத இவரு அன்னைக்கே வந்து எங்கிட்ட சொன்னாரு. பாவம், அப்பாவ பறிகொடுத்துட்டு வந்து நிக்குது அந்தப் பொண்ணு, நான் ஏதோ சொன்னேன், சிரிச்சிடுச்சு, முகம் கொஞ்சம் தெளிஞ்சுதுன்னாரு. அன்னைக்கு பூரா அதையேதான் சொல்லிட்டிருந்தாரு."

அவ்வளவுதான் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாமா என்று நாலு நாள் யோசித்தேன். எதையும் மறைக்க வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய், அதனால் எழுதுகிறேன்.

அம்மா உன்னை வரச் சொல்கிறாள். வரும்போது குடிக்கத் தண்ணீர் கொண்டு வா.

தம்பி